பாப்பம்மாள் ஊற்றிய தண்ணீர்

“மரத்து மேல பாப்பம்மாவுக்கு இன்னா கோவம்மா?”

ஆறு வயது பிலோமி இதைக் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தபோது. வீட்டில் பெரியவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அப்பா கிறிஸ்துதாஸ், “சாப்புடும்போது பேசக் கூடாது” என்றார். அம்மா கிளாரா மோர் எடுத்துவர உள்ளே போனாள். மோர் இலைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

அன்று காலையில்தான் கிறிஸ்துதாஸ் கோயில் வாசலில், இரண்டாம் பூசை முடிந்து வெளியே வந்த அத்தனை பேர் முன்னாலும், வேலைக்காரி பாப்பம்மாள் தன் வீட்டு மரங்களைக் கொன்றுவிட்டாள் என்று சொல்லியிருந்தார்.

அவர் சொன்ன மரங்கள் சாதாரண மரங்கள் அல்ல. பிள்ளைப்பாக்கத்தில் அந்த 1979ஆம் வருடத்தில் வேறு எந்த வீட்டிலும் அப்படி இரண்டு மரங்கள் கிடையாது. குன்னூரில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு, ஸ்ரீபெரும்புதூர் சாலையில் புதிதாக வந்த ஸ்பிரிங் கம்பெனியில் சூப்பர்வைசராகச் சேர்ந்தபோது, கிறிஸ்துதாஸ் மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் கொண்டுவந்த கன்றுகள் அவை. ஊசி ஊசியான இலை. கோபுரம் போல அடுக்கடுக்காகக் கிளை. ஊரில் எல்லோரும் கிறிஸ்துமஸ் மரம் என்பார்கள். மலைக் குளிரில் பிறந்தது இந்த வெயிலில் நிற்குமா என்று கேட்டவர்கள் கண் முன்னாலேயே, கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகப் பத்து வருடத்தில் வீட்டுக் கூரையைத் தாண்டிவிட்டன. டிசம்பர் மாதத்தில் கிறிஸ்துதாஸ் அவற்றில் காகித நட்சத்திரம் கட்டுவார். குன்றத்தூரிலிருந்துகூடப் பிள்ளைகளைச் சைக்கிளில் உட்காரவைத்துக் கொண்டுவந்து காட்டிவிட்டுப் போவார்கள்.

அந்த மரங்களின் இலைகள் வைகாசியில் பழுக்கத் தொடங்கின. முதலில் கீழ் அடுக்கு. பச்சை மங்கி, வெளுத்து, பிறகு துருப்பிடித்த கம்பிபோல ஆனது. ஆனி பிறந்தபோது நடு அடுக்குவரை ஏறிவிட்டது. தொட்டால் ஊசிகள் கையோடு வந்தன.

கிறிஸ்துதாஸுக்குத் தூக்கம் போயிற்று. அதை நான் குறை சொல்லமாட்டேன். வளர்த்த மரம் கண்ணெதிரே சாவது வேதனைதான். ஆனால் வேதனை வந்தவுடன் நம்மில் பலர் காரணத்தைத் தேடுவதில்லை, ஆளைத் தேடுகிறோம். அதுவும் திருப்பிப் பேச முடியாத ஆளாகப் பார்த்துத் தேடுகிறோம்.

ஒரு நாள் காலையில் பாப்பம்மாள் பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கேட்டுக்கு வெளியே ஊற்றுவதை அவர் பார்த்தார். கருங்கல் ஏற்றிய லாரிகள் போகப் போக அந்தச் சாலைப் புழுதி வீட்டுக்குள் வந்து படியும். புழுதி அடங்கட்டும் என்று அவள் ஊற்றிய தண்ணீர் அது. மரத்துக்கும் அதற்கும் பத்தடி தூரம். அந்தப் பத்தடி போதுமானதாக இருந்தது. சோடா உப்பும் சாம்பலும் கலந்த தண்ணீரை வேரில் ஊற்றி மரத்தைக் கருக்கிவிட்டாள் என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

கோயில் வாசலில் அவர் அதைச் சொன்னபோது பாப்பம்மாளும் அங்கேதான் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் முற்றத்தைக் கூட்டுவது அவள் வேலை. ஐம்பது வயது இருக்கும். கையில் துடைப்பத்தோடு நின்றபடியே, “நா எதுக்குய்யா அப்பிடிச் செய்யப் போறேன்?” என்றாள்.

“நீ செய்யலன்னா தானா கருகுமா?” என்றார் கிறிஸ்துதாஸ்.

பாப்பம்மாள் கிளாராவைப் பார்த்தாள். கிளாராவுக்குத் தெரியும். பாத்திரத் தண்ணீர், எப்போதாவது புழுதிக்குத் தெளிப்பதுபோக, தினமும் கொல்லைப்புற வாழைக்குத்தான் போகும். வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்துச் சவராக இருப்பதால், கேட்டண்டை மரங்களுக்கு மட்டும் பாப்பம்மாள் ஏரியிலிருந்து நல்ல தண்ணீராகக் கொண்டுவந்து ஊற்றுவாள். அப்படிச் செய் என்று யாரும் சொன்னதில்லை. பத்து வருடமாகக் கிளாரா இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் தலையிலிருந்து நழுவாத முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

எதிர்வீட்டு ராஜம்மாதான் இடையில் புகுந்தாள்.

“நம்ம கிறிஸ்துமஸ் மரம் அதுக்கு எப்பிடி ஆவும்? அது கும்புடுறது வேற சாமி ஆச்சே.”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஒருவர்கூட ‘அப்படிப் பேசாதே’ என்று சொல்லவில்லை. அத்தனை பேரும் கால்மணி நேரத்துக்கு முன்னால்தான் நற்கருணை வாங்கியவர்கள். அது நாக்கில் கரையும்வரைகூட அவர்களால் பொறுக்க முடியவில்லை.

பாப்பம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவைத்துவிட்டுப் போனாள்.

அந்த வாரத்திலேயே அவளுக்கு நான்கு இடத்தில் வேலை போயிற்று. கிறிஸ்துதாஸ் வீடு ஒன்று. கம்பவுண்டர் வீட்டில் முருங்கை இருக்கிறது, டீச்சர் வீட்டில் ரோஜாத் தொட்டி இருக்கிறது, யாருக்குத்தான் பயமிருக்காது? கோயில் முற்றத்துக்கும் வேறு ஆள் வந்தது. பாப்பம்மாள் செங்கல் சூளைக்குக் கல் சுமக்கப் போனாள். விடியுமுன் லாரி வந்து ஏரிக்கரைத் தெரு ஆட்களை அள்ளிக்கொண்டு போகும். அந்த லாரியில் இளம் பெண்களுக்கு நடுவே அவளும் நின்றுகொண்டு போனாள்.

இந்த ஊர் நல்ல ஊர்தான். யாராவது செத்தால் சொல்லாமலே சோறாக்கி அனுப்புவார்கள். தவக்காலத்தில் நாற்பது நாளும் சிலுவைப்பாதை செய்வார்கள். அந்தப் பாதையில் பொய்ச் சாட்சி சொன்னவர்களைப் பற்றிப் படிக்கும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அதே ஜனங்கள்தான் ஒரு ஏழைப் பெண் வயிற்றில் மண் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிலோமியின் கேள்வி கிளாராவைவிட்டுப் போகவில்லை. குழந்தை அதற்குப் பிறகு ஒருமுறைகூடக் கேட்கவில்லை. ஆனால் அரிசி களையும்போதும், ஜெபமாலை உருட்டும்போதும் அது வந்து நின்றது. மரத்து மேல பாப்பம்மாவுக்கு இன்னா கோவம்? கோபமே இல்லாத ஒருத்தி எதற்காக மரத்தைக் கொல்லவேண்டும்?

ஆவணியில் ஒரு நாள் காலை. கிறிஸ்துதாஸ் முதல் ஷிப்டுக்குப் போயிருந்தார். கிளாரா பாத்திரம் கழுவிவிட்டுத் தண்ணீரை வாழைக்கு ஊற்றினாள். இப்போது அந்த வேலையெல்லாம் அவளுடையதுதான். ஊற்றிவிட்டு நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள். வாழை குலை தள்ளியிருந்தது. வாசலில் இரண்டு மரங்களைக் கொன்ற அதே தண்ணீரைப் பத்து வருடமாகக் குடித்த வாழை, ஆறு சீப்போடு நின்றுகொண்டிருந்தது.

அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

இரண்டு மரங்களின் அடியிலும் முழங்கால் உயரத்துக்கு மண் அணைத்திருந்தது. பங்குனியில் கிறிஸ்துதாஸ் அணைத்தது. கிளாரா கொத்தினாள். மேல்மண் காய்ந்து, வெள்ளைப் பூஞ்சைபோல ஏதோ படர்ந்திருந்தது. ஒரு முழம் ஆழத்தில் மண்வெட்டி கோணியில் சிக்கியது. இழுத்தால் சாக்கு கிழிந்து வந்தது. உள்ளே ஈரமும் மண்ணுமாக இறுகிப்போன கட்டி. கையில் எடுத்தாள். பிறகு, யாரும் சொல்லாமலே, அதில் ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

உப்பு.

பங்குனியில் நடந்தது அவளுக்கு நினைவு வந்தது. கொல்லையில் இரண்டு தென்னங்கன்று வைத்தார்கள். கன்று விற்ற படப்பை நாகப்பன், “குழியில கல்லுப்பு போடுங்க, மண்ண நல்லா அணைங்க, தென்ன சும்மா திமுதிமுன்னு வரும்” என்று சொல்லிவிட்டுப் போனான். நம் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். கிறிஸ்துதாஸ் அரை மூட்டை வாங்கிவந்தார். மிச்சம் இருந்தது. வாசல் மரங்களும் உயரமாக வளர்கிற சாதிதானே, அவற்றுக்கும் கொஞ்சம் தெம்பு வரட்டும் என்று, மிஞ்சியதைச் சாக்கோடு இரண்டு பங்காக்கி வேரண்டை புதைத்து மண்ணை அணைத்துவிட்டார். அன்று அந்தச் சாக்கைக் கத்தரித்துக் கொடுத்தது கிளாராதான்.

மதியம் மூன்று மணிக்கு அவர் சைக்கிளை நிறுத்தும்போது அவள் அந்தக் கட்டியை நீட்டினாள்.

“இது இன்னாங்க?”

அவர் தொட்டுப் பார்த்தார். “உப்பு. தென்னைக்கு வாங்கினதுல மிச்சம்.”

“மரத்துக்கு அடியில இருந்துது.”

“நான்தான் வெச்சேன். நாகப்பன் சொன்னான்ல?”

“நாகப்பன் தென்னைக்குச் சொன்னான்.”

“தென்னைக்கு ஆவும்னா இதுக்கு மட்டும்...” என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார். சைக்கிள் ஸ்டாண்டை இரண்டு தடவை காலால் தட்டினார். முகம் மாறியது. அவர் மூடர் அல்ல. நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது.

தெரியாமல் உப்பு வைத்தது பிழை. அதை ஆண்டவர் அரை நொடியில் மன்னிப்பார். அதற்குப் பிறகு கிறிஸ்துதாஸ் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

“சரி, விடு. வெளியில யாருக்கும் சொல்லிக்கினு இருக்காதே. நல்லதா ஒரு நூல் பொடவ எடுத்துக் குடுத்துடு. திரும்ப வேலைக்கு வரச் சொல்லு. சந்தோசமா வருவா.”

கிளாரா புடவையை எடுத்துக்கொண்டு பாப்பம்மாள் இருக்கும் ஏரிக்கரைத் தெருவுக்குப் போனாள். சூளையிலிருந்து திரும்பிய பாப்பம்மாள் வாசலில் உட்கார்ந்து, செங்கல் தூசி படிந்த கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது. கிளாரா நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

பாப்பம்மாள் முதலில் சிரித்துவிட்டாள்.

“உப்பா? ஐய, கெணத்துத் தண்ணி சவுரா கீதே, ஆவாதேன்னு நா ஏரியிலேந்து தூக்கினு வந்து ஊத்துறேன். உங்க வூட்டு ஐயா அதும் காலாண்ட மூட்டையோட உப்ப வெச்சிக்கீறாரு. நல்ல கூத்துதான் போ.”

கிளாரா புடவையை நீட்டினாள். பாப்பம்மாள் அதைத் தொடவில்லை. சிரிப்பு நின்றுவிட்டது.

“இத்தக் கட்டிக்கினு நா தெருவுல போனா இன்னா சொல்லுவாங்கோ தெரியுமா? மரத்தயும் சாவடிச்சிட்டு பொடவயும் வாங்கிக்கினா பார்றான்னு சொல்லுவாங்கோ.”

“அப்ப வேலைக்காவது வா, பாப்பம்மா.”

“உன் வூட்டுக்கு வந்துடுவேன். மத்த மூணு எடத்துக்கு? எம் பொண்ணு மாமியா வூட்டு வரைக்கும் இந்தப் பேச்சு போயிருக்குதும்மா. மரத்துக்கு வெஷம் வெச்சவன்னு.” அவள் கையைத் தன் முந்தானையில் துடைத்துக்கொண்டாள். “எனக்கு ஒண்ணும் வாணாம். எந்த எடத்துல சொன்னாரோ அந்த எடத்துல வந்து சொல்லச் சொல்லு. நானும் வந்து நிக்கிறேன். கேட்டுக்கினு போறேன். அவ்ளதான்.”

கிளாராவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “அன்னிக்கு நான்கூட...” என்று இழுத்தாள்.

“ஆமா. நீகூடத்தான்” என்றாள் பாப்பம்மாள்.

அன்று சாயங்காலம் கிளாரா வீட்டில் ஒரு சண்டை நடந்தது. கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அவள் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை.

“நடக்காது” என்றார் கிறிஸ்துதாஸ். “எங்கீழ நாப்பது பேரு வேல செய்றான். பாதிப் பேரு நம்ம கோயிலுக்குத்தான் வரான். நாளைக்கு லைன்ல எவன் என்ன மதிப்பான்?”

“பழி சொன்னது நடுவாசல்ல. மன்னிப்பு மட்டும் அடுப்படியிலயா?”

“நான்தான் பொடவ குடுத்தேனே.”

“அத அவங்க வாங்கல. அவங்க கேக்குறது அவங்க பேரு. அது நம்மகிட்டதான் கீது. அவங்க பொருள நாம வெச்சிக்கினு, பொடவய நீட்டினா அது இன்னா நியாயம்?”

அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். வாளியில் தண்ணீர் விழும் சத்தம் நெடுநேரம் கேட்டது. கிளாரா கதவுக்கு வெளியே நின்றே சொன்னாள்: “ஞாயித்துக்கெழம நீங்க சொல்லலன்னா நா சொல்லுவேன்.”

மறுநாளே அவள் மரங்களைக் கவனிக்கத் தொடங்கினாள். அணைத்த மண்ணை முழுக்க வாரி, அடிமரம் பழையபடி வெளியே தெரியும்வரை ஒதுக்கினாள். உப்புக் கட்டிகளைப் பொறுக்கினாள். வேர் அறாமல் மேல்மண்ணை ஒரு சாண் சுரண்டிக் கூடையில் அள்ளிச் சாலைப் பள்ளத்தில் கொட்டினாள். பிறகு கிணற்றுத் தண்ணீரைச் சேந்திச் சேந்தி ஊற்றினாள். காய்ந்த கிளைகளை வெட்டவில்லை. எது செத்தது, எது மயங்கிக் கிடக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ராஜம்மா கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, “இன்னாக்கா, பொணத்தக் குளிப்பாட்டுறியா?” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாதா பிறந்தநாள் நெருங்கிக்கொண்டிருந்ததால் கோயிலில் கூட்டம் அதிகம். பூசை முடிந்து எல்லோரும் வெளியே வந்தார்கள். வேப்பமரத்து நிழலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கமாக நின்று பேசத் தொடங்கினார்கள். பாப்பம்மாள் சொன்னபடி வந்திருந்தாள். கேட்டுக்கு உள்ளே, அன்றைக்குத் துடைப்பத்தோடு நின்ற இடத்திலேயே வெறுங்கையோடு நின்றாள். துவைத்த புடவை கட்டியிருந்தாள்.

கிறிஸ்துதாஸ் அவளைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சைக்கிள் பூட்டைத் திறக்கக் குனிந்தார்.

கிளாரா படியிலேயே நின்றாள். அவளுக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. முதல் இரண்டு வார்த்தை யாருக்கும் கேட்கவில்லை. பிறகு கேட்டது.

“...எங்க வூட்டு மரத்தப் பாப்பம்மா ஒண்ணும் செய்யல. மரத்துக்கு அடியில நாங்கதான் உப்பு வெச்சோம். தென்னைக்கு வெக்கிற மாதிரி. போன வாரம் தோண்டி எடுத்தேன். அவங்க பாத்திரத் தண்ணிய ஒருநாளும் மரத்துல ஊத்தினதில்ல. எனக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சும் வாயத் தொறக்காம நின்னேன். என்ன மன்னிச்சுடுங்க, பாப்பம்மா.”

கூட்டம் அசைந்தது. சிலர் பார்வையைத் தாழ்த்தினார்கள். சிலருக்கு வீட்டில் குழம்பு கொதிக்கிற ஞாபகம் வந்துவிட்டது. ராஜம்மா தோளைக் குலுக்கினாள்.

“அட, போவட்டும் விடுக்கா. ஒரு மரந்தானே! அத்தப் போயி பெருசா...”

“அன்னிக்கு நீ ‘மரந்தானே’ன்னு சொல்லலியே, ராஜம்மா? அன்னிக்கு அவங்க சாமிய வரைக்கும் போனியே?” கிளாரா படியிலிருந்து இறங்கினாள். “அவங்க கையப் போயி பாரு. உள்ளங்கையில தோலு கெடையாது. செங்கல் தூக்குறாங்க. அது நம்ம வாய் செஞ்ச வேல.”

ராஜம்மாவுக்கு முகம் சிவந்தது. “நீ சொல்றக்கா. உங்க வூட்டுக்காரரு அப்பிடிச் சொல்லலியே? அவருதானே அவ செஞ்சான்னாரு? யார நம்புறது?”

எல்லோரும் கிறிஸ்துதாஸைப் பார்த்தார்கள். அவர் கையில் திறந்த பூட்டு இருந்தது. ஸ்பிரிங் கம்பெனி ஆட்கள் ஏழெட்டுப் பேர் வேப்பமரத்தடியில் நின்றார்கள். அதில் ஒருவன் பீடியை மறைத்துக்கொண்டான். இப்போது வாயை மூடிக்கொண்டு சைக்கிளில் ஏறினால் போதும். பொய் சொன்னவள் கிளாரா என்று ஆகிவிடும். ஒருத்தியின் பெயரோடு இன்னொருத்தியின் பெயரும் போகும்.

அவர் பூட்டைச் சட்டைப் பையில் போட்டார்.

“உப்பு வெச்சது நான்தான்” என்றார். “அந்தம்மா இல்ல.”

இரண்டு மாதத்துக்கு மேல் தாமதமாக வந்த வார்த்தைகள். அதற்குள் ஒருத்தியின் கை கிழிந்துவிட்டது. அவரை யாரும் மெச்சவேண்டியதில்லை.

பாப்பம்மாள் தலையை ஒருமுறை ஆட்டினாள். “கேட்டுக்கினேன்” என்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே போனாள்.

மறுநாள் கம்பவுண்டர் வீட்டிலிருந்து ஆள் போயிற்று. கோயில் முற்றம் கூட்டும் வேலையைச் சாமியாரே கூப்பிட்டுத் திரும்பக் கொடுத்தார். டீச்சர் வீட்டில் மட்டும் கூப்பிடவில்லை. சிலருக்குத் தங்கள் தப்பைப் பார்க்கப் பிடிக்காது. அதனால் தப்புக்கு ஆளானவளையும் பார்க்காமல் இருந்துவிடுவார்கள்.

புதன்கிழமை காலை பாப்பம்மாள் கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். கிளாரா வாளியோடு நின்றிருந்தாள். பாப்பம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, மரத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“கெணத்துத் தண்ணியா ஊத்துற?”

“ஆமா.”

“உப்பக் கழுவ சவுருத் தண்ணியா? நல்லாத்தான் கீது. நீயும் உங்க வூட்டு ஐயாவும் ஒரே பள்ளிக்கூடத்துல படிச்சீங்களா?”

கிளாராவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பாப்பம்மாள் குடத்தை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனாள்.

அன்று தொடங்கி மூன்று வாரம். அவள் வாலாயமாக, ஒரு நாள் விடாமல், தண்ணீர் கொண்டுவந்து கொட்டினாள். கொட்டினால் மட்டும் போதாது, உப்பு கரைந்து வெளியே போக வழி வேண்டும் என்று, மரத்தடியிலிருந்து சாலைப் பள்ளம் வரை ஒரு சின்னக் கால்வாய் வெட்டச் சொன்னாள். ஒரு குடம் முழுக்க மண்ணில் இறங்கியபிறகுதான் அடுத்த குடம். மேற்கு வெயில் படாமல் நாலு தென்னங்கீற்று கட்டினார்கள். ஏரிக்கரைப் புங்கமரத்தடியிலிருந்து மக்கிய சருகை அள்ளிவந்து, வேர்மேல் அழுத்தாமல் பரப்பினார்கள். உச்சியை மட்டும் தொடக் கூடாது என்று இருவருக்கும் தோன்றியது. உச்சி போனால் அந்த மரம் அந்த மரமாக இருக்காது.

“கூலி வாங்கிக்கோ” என்று கிளாரா ஒருநாள் சொன்னபோது பாப்பம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“கூலிக்கா வந்தேன்? பத்து வருசமா நா தண்ணி ஊத்துன மரம். அது இன்னா பண்ணிச்சி பாவம்?”

இந்தப் பேச்சு நடந்தபோது கிறிஸ்துதாஸ் ஜன்னலுக்கு உள்ளே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாம் கேட்டது. தான் பழி சொன்ன பெண், தன் மரத்துக்காக இடுப்பில் குடத்தோடு ஏரிக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தாள். அவர் வெளியே வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் போனபிறகுதான் சைக்கிளை எடுத்தார்.

ஐப்பசியில் நல்ல மழை. கால்வாய் வழியே கலங்கல் நீர் ஓடிக்கொண்டே இருந்தது. இடப்பக்கத்து மரம் பிழைக்கவில்லை. கார்த்திகையில் உச்சியும் துவண்டு, தட்டினால் உள்ளே கூடாகச் சத்தம் வந்தது. வலப்பக்கத்து மரத்தில் கீழ் அடுக்குகள் எல்லாம் உதிர்ந்துவிட்டன. இடுப்புக்குக் கீழே துணியில்லாத பிள்ளைபோல நின்றது. ஆனால் மார்கழி பிறக்கும்போது உச்சியில், சுண்டுவிரல் அளவுக்கு, எலுமிச்சைப் பச்சையில் ஒரு துளிர் இருந்தது. அதை முதலில் பார்த்தது பிலோமி. அந்த வருடம் நட்சத்திரம் ஒன்றுதான் கட்டினார்கள்.

தை, மாசி போயிற்று. சித்திரை வந்தது.

குன்றத்தூரில் கொடுத்திருந்த பாப்பம்மாளின் மகள் கனகத்துக்குப் பிரசவம். பாப்பம்மாள் பதினைந்து நாள் அங்கே போய் இருக்கவேண்டியதாயிற்று. டீச்சர் வீட்டு வேலைக்குப் பதிலாக அவள் தன் குடிசைக்குப் பின்னால் நான்கு பாத்தியில் கீரை விதைத்திருந்தாள். முளைத்து நாலு இலை விட்டிருந்தது. அடுத்த குடிசைச் சுந்தராம்பாளிடம், “காலையில ரெண்டு கொடம் ஊத்து, புண்ணியமாப் போவும்” என்று சொல்லிவிட்டுப் போனாள். சுந்தராம்பாள் சூளை லாரியில் போகிறவள். முதல் நாள் ஊற்றினாள். இரண்டாம் நாள் மறந்தாள். மூன்றாம் நாள் மறந்ததையும் மறந்தாள்.

முதல் ஷிப்டுக்கு ஏரிக்கரை வழியாகச் சைக்கிளில் போன கிறிஸ்துதாஸ் அந்தப் பாத்திகளைப் பார்த்தார். கீரை தலைசாய்ந்து கிடந்தது.

மறுநாள் அவர் வழக்கத்தைவிட அரைமணி முன்னதாகக் கிளம்பினார். ஏன் என்று கிளாராவிடம்கூடச் சொல்லவில்லை. சூளை லாரி ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. தெருவில் யாரும் இல்லை. கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. அவர் சைக்கிளைப் புங்கமரத்தில் சாத்திவிட்டு, காக்கிக் காற்சட்டையை முழங்காலுக்கு மேல் மடித்துவிட்டு, பாப்பம்மாள் கொல்லையில் கவிழ்த்திருந்த மண்குடத்தை எடுத்தார். ஏரியில் இறங்கி மொண்டார். குடத்தை எப்படி இடுப்பில் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. தோளில் வைத்தார், பாதி சட்டையில் கொட்டியது. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். கரையேறும்போது மூச்சு வாங்கியது. இந்தத் தூரத்தைப்போல நாலு மடங்கு தூரம் அவள் தன் மரத்துக்காக நடந்தாள் என்பது இரண்டாவது குடத்தில் அவருக்குப் புரிந்தது. கீரை பெயர்ந்துவிடாமல் கையைக் குறுக்கே வைத்து, விரலிடுக்கில் தண்ணீரை வழியவிட்டார்.

நாலு பாத்தியும் நனைந்தபிறகு குடத்தை இருந்தபடியே கவிழ்த்துவைத்தார். ஈரச் சட்டையோடு கம்பெனிக்குப் போனார். அடுத்த நாளும் வந்தார். பாப்பம்மாள் திரும்பிவரும் வரை, ஒரு நாளும் தவறவில்லை.

பேரனைப் பார்த்துவிட்டு வந்த பாப்பம்மாள் கொல்லைக்குப் போய் நின்றாள். கீரை ஒரு சாண் உயரத்துக்குத் தளதளவென்று நின்றது. முதல் கட்டை அறுத்துச் சுந்தராம்பாளிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். “மகராசி, நல்லா ஊத்திக்கீற” என்றாள். சுந்தராம்பாள் ஒரு நொடி விழித்தாள். பிறகு கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.